ஒற்றைப்படைத் தேதி

ஏழாம் நடைமேடையிலிருந்து மோர்னா ஏரிக்கு,
எட்டிலிருந்து விதோவ்னா ஏரிக்கு.
இரண்டுக்கும் ஒரே கட்டணம்,
இரண்டுக்கும் ஒன்றேகால் மணி நேரம்.
இரண்டிலும் கரையோரம் ஒரு வெள்ளைத் தேவாலயம்,
வாடகைப் படகு, வாத்து,
வாத்துக்கு ரொட்டி போடாதீர் என்றொரு பலகை,
பலகையின் கீழே ரொட்டி.
எல்லாம் துண்டறிக்கைப் படத்தில் பார்த்ததுதான்.

லுப்லியானா பேருந்து நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் இது என் பதினோராவது கோடை.
பேசுவதற்கென்று துளைத்த வட்டத்துக்குக்
குனிந்து வந்து எல்லோரும் கேட்பார்கள்:
"இரண்டில் எது நல்லது?"

போனதில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.
யோசித்துச் சொல்ல வரிசை விடாது.
அதனால் ஒரு ஏற்பாடு:
ஒற்றைப்படைத் தேதியில் மோர்னா,
இரட்டைப்படையில் விதோவ்னா.
முப்பத்தொன்று முடிந்து ஒன்று பிறக்கையில்
மோர்னாவுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் யோகம்.
அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்படித்தான்
தேனிலவுகளைப் பிரித்து அனுப்பினேன்.
ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தையே.
செத்துப்போன நாயின் சாம்பலை
எந்தத் தண்ணீரில் கரைக்கலாம் என்று கேட்ட பெண்ணையும்.
அன்று பதினான்கு. விதோவ்னா.
டிக்கெட்டைக் கொடுக்கும்போது
அவள் கையைப் பார்க்காமல் சில்லறையைப் பார்த்தேன்.

ஜூன் பதினெட்டு, எனக்கு விடுமுறை.
கண்ணாடியின் இந்தப் பக்கம் வந்து நின்றேன்.
துளை இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று
உள்ளே இருந்தவரை தெரியவில்லை.
மோர்னாவிலிருந்து கடைசி வண்டி ஐந்து ஐம்பது,
விதோவ்னாவிலிருந்து ஆறு முப்பத்தைந்து,
எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம்,
எந்த ஓட்டுநர் சீக்கிரம் எடுத்துவிடுவார்,
எல்லாம் தலைகீழ்ப் பாடம்.
நேரம் தெரியும். தண்ணீர் தெரியாது.

"எங்கே, பிரெதா?" என்றான் வோய்கோ.
"இரண்டில் எது நல்லது?"
என் வாயிலிருந்துதான் வந்தது.

அவன் சிரிக்கவில்லை.
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
"உன் பின்னால் நிற்பவர் தொப்பி போட்டிருக்கிறார்.
அப்படியென்றால் மோர்னா."

ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.
ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

என் கணக்கில் அன்று விதோவ்னா.
தேதியா தொப்பியா என்று நிற்கையில்
தொப்பிக்காரர் இருமினார்.
ஏழாம் நடைமேடை.

நாற்பது நிமிடம் இரண்டு வண்டிகளும் ஒரே சாலையில்,
ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சோள வயலைப் பார்த்தபடி.
பெட்ரோல் பங்கில் பிரிந்தன.
அந்த வண்டியின் ஜன்னலில் ஒரு பெண்
எங்களைப் பார்த்தாள்,
உணவகத்தில் அடுத்த மேசைத் தட்டைப் பார்ப்பதுபோல.
நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஏரி இருந்தது.
செருப்பைக் கழற்றிக் காலை விட்டதும்
முழங்கால்வரை எலும்பு விழித்துக்கொண்டது.
படத்தில் குளிர் இல்லை.

அடுத்த பெஞ்சில் ஒருவர் மனைவியிடம்:
"விதோவ்னாவுக்கே போயிருக்கலாம்."
"கண்ணாடிக்குள்ளிருந்தவள்தானே இதைச் சொன்னாள், ஸ்லாவ்கோ.
எவ்வளவு உறுதியாகச் சொன்னாள்!"
நேற்றுப் பதினேழு.
அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள் போல.
நான் தலைக்குட்டையை இழுத்து விட்டுக்கொண்டு
பூரெக் பொட்டலத்துக்குள் முகத்தை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சு நின்றது.
அவர் படகுக்காரனிடம் பேரம் பேசப் போனார்.
அந்த அம்மா கண்ணை மூடி
முகத்தை வெயிலுக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு வாத்து வந்தது.
பலகையை ஒருமுறை முழுதாகப் படித்தேன்.
பிறகு பூரெக்கின் ஓரத்தைப் பிய்த்தேன்.

கடைசி வண்டி ஐந்து ஐம்பது.
மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை.